எத்தனை கேமரா என்பதல்ல, எத்தனை நாள் பதிவு என்பதே கேள்வி

கண்காணிப்புக் கேமரா ஒரு காலத்தில் வங்கிக்கும் நகைக்கடைக்கும் உரிய பொருளாக இருந்தது. இன்று அது மளிகைக் கடை, மஞ்சள் மண்டி, ஜவ்வரிசி கிடங்கு வரை வந்துவிட்டது. முன்புறம் கடை, பின்புறமோ மாடியிலோ வீடு என்று வாழும் நம் ஆத்தூர் வணிகர்களுக்குக் கடைக்கும் வீட்டுக்கும் ஒரே காவல் அதுதான். ஆள் வைத்தால் கூலி என்று, பெட்டியோடு வாங்கி வந்து தாமே பொருத்திக்கொள்பவர்களும் பெருகி வருகிறார்கள். இது வரவேற்கத்தக்கதே. மின்விசிறி மாட்டத் தெரிந்தவருக்கு நான்கு கேமரா மாட்டுவது பெரிய வித்தை அல்ல. ஆனால் வாங்கப் போகும்போது நாம் கேட்கிற கேள்விதான் சரியில்லை. “எத்தனை கேமரா வரும்?” என்று கேட்கிறோம். “எத்தனை நாள் பதிவு நிற்கும்?” என்று கேட்பவர் குறைவு.

இந்தக் கேள்வியின் கனத்தை வணிகர்களாகிய நமக்கு உணர்த்தியது சாத்தான்குளம். 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்ததாகக் கூறி ஜெயராஜும், அவரைத் தேடிப் போன மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்தில் பிடித்து வைக்கப்பட்டனர். ஜூன் 22 இரவு மகனும், மறுநாள் காலை தந்தையும் உயிரிழந்தனர். கடை முன் கூட்டம் கூடியதாகவும், தகராறு செய்து தரையில் உருண்டதாகவும் முதல் தகவல் அறிக்கை சொன்னது. பக்கத்துக் கடைக் கேமராவின் பதிவில் அப்படி எதுவும் இல்லை. அதே நேரத்தில் காவல் நிலையக் கேமராவின் கதை என்ன? ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க் இருந்தும், பதிவு நாள்தோறும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது என்று விசாரணைக்குச் சென்ற மாஜிஸ்திரேட்டு உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை அளித்தார். இரண்டு இடத்திலும் கேமரா இருந்தது. ஓரிடத்தில் பதிவு நின்றது, மற்றோரிடத்தில் நிற்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில், காவல் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதம் பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த அளவு நமக்கு வேண்டியதில்லை. ஆனால் ஒரு வாரத்தில் அழிந்துபோகும் பதிவும் போதாது. சரக்கு குறைந்த விவரம் மாதக் கடைசியில் இருப்பு எடுக்கும்போதுதானே தெரிகிறது!

கணக்கு எளிது. 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 21 ஜி.பி. ஆகிறது. நான்கு கேமராவுக்கு 86 ஜி.பி. அப்படியானால் 1 டெராபைட் பதினொரு நாளில் நிறைந்து, பழைய பதிவின் மேலேயே புதியது எழுதத் தொடங்கிவிடும். 30 நாள் வேண்டுமென்றால் 3 டெராபைட்டுக்குக் குறையாமல் வேண்டும். இல்லாவிட்டால் கேமராவைக் குறையுங்கள். எச்.265 முறையில் பதியும் டி.வி.ஆர். வாங்கினால் இடம் மிச்சமாகும். ஹார்டு டிஸ்க் கண்காணிப்புக்கென்றே செய்யப்பட்டதாக இருக்கட்டும். பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய டிஸ்க் இரவும் பகலும் எழுதுவதைத் தாங்காது. ஆறு கேமராவும் சிறிய டிஸ்க்கும் என்பதை விட, மூன்று கேமராவும் பெரிய டிஸ்க்கும் என்பதே என் கட்சி.

அந்த மூன்றையும் எங்கே வைப்பது? கல்லாப் பெட்டிக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று, கிடங்கு அல்லது வீட்டுப் பின்வாசலுக்கு ஒன்று. பலர் கூரையை ஒட்டி உயரத்தில் மாட்டுகிறார்கள். உச்சந்தலையும் குல்லாவும் தெரியும், முகம் தெரியாது. வாசல் கேமரா ஏழெட்டு அடி உயரத்தில் இருந்தால் போதும். ஷட்டர் பக்கமாகத் திருப்பினால் வெளி வெயிலில் வருபவர் முகம் கறுத்துவிடும். அந்த இடத்துக்கு டபிள்யூ.டி.ஆர். வசதி உள்ள கேமரா தேவை. கரண்டு போனால் டி.வி.ஆருக்கு மட்டும் யு.பி.எஸ். இருந்து பயனில்லை, கேமராக்களுக்கு மின்சாரம் தரும் 12 வோல்ட் பவர் சப்ளையும் அதிலேயே இணைந்திருக்க வேண்டும். இதை மறப்பவர்களே அதிகம்.

திருடன் இப்போது கேமராவுக்குப் பயப்படுவதில்லை. 2021 டிசம்பரில் வேலூர் ஜோஸ் ஆலுக்காஸ் கடையில் சுவரைத் துளைத்து நுழைந்தவன் சிங்க முகமூடி அணிந்திருந்தான். கேமராக்கள் மீது பெயிண்ட் அடித்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தான். ஆள் சில நாளிலேயே பிடிபட்டான், சுடுகாட்டில் புதைத்த சுமார் 15 கிலோ நகையும் மீட்கப்பட்டது என்பது வேறு விஷயம். நம் போன்ற கடைகளில் பெயிண்ட் கூட வேண்டாம், கல்லாவுக்குக் கீழே மினுமினுக்கும் டி.வி.ஆரையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். சாட்சியே களவு போன பிறகு யாரிடம் முறையிடுவது? பெட்டி பரண் மேலோ, மாடி வீட்டு அலமாரியிலோ பூட்டில் இருக்கட்டும். மெமரி கார்டு போடும் வைஃபை கேமரா வீட்டுக்குள் சரி. வாசலில் மாட்டினால் கேமராவோடு பதிவும் போகும்.

அடுத்தது பாஸ்வேர்டு. 2016-இல் ‘மிராய்’ என்ற நச்சு நிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் உலகெங்கும் கைப்பற்றி, அமெரிக்காவில் பெரிய இணையதளங்களையே முடக்கியது. 2025-இல் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் வெளியே போய் விலைக்கு விற்கப்பட்டன. நம் கடைக்கு வரும் தாய்மார்களையும் வீட்டுப் பெண்களையும் எண்ணிப் பாருங்கள். பெட்டியைப் பிரித்த அன்றே பாஸ்வேர்டை மாற்றிவிட வேண்டும். படுக்கையறை, குளியலறைப் பக்கம், எதிர் வீட்டு வாசல் இவற்றைக் கேமரா பார்க்கவே கூடாது. 2025 ஏப்ரல் முதல் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையும் பதிவும் மத்திய அரசால் கட்டாயமாக்கப்பட்டுள்ளன. மலிவாகக் கிடைக்கிறதே என்று பேர் தெரியாத சரக்கைத் தூக்கி வராமல், பில்லும் பி.ஐ.எஸ். பதிவு எண்ணும் கேட்டு வாங்குங்கள்.

கடைப் பையன்களிடம் கேமரா இருப்பதைச் சொல்லித்தான் வைக்க வேண்டும். ஒளித்து வைத்து வேவு பார்க்கும் முதலாளியிடம் நல்ல ஆள் தங்க மாட்டான். கல்லாவில் ஐந்நூறு ரூபாய் குறைந்தால், பையனைக் கைகாட்டும் முன் பதிவைப் பார்க்கலாம். பல சமயம் அது அவனைக் காப்பாற்றத்தான் உதவும்.

போலீசார் பதிவு கேட்டு வந்தால் டி.வி.ஆரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்கையாக நிற்காதீர்கள். நகல் எடுத்து வைத்துக்கொண்டு, எழுத்தில் ரசீது பெற்றுக்கொண்டு கொடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி இத்தகைய நகலுக்குச் சான்றிதழ் வேண்டும். ஒரு பகுதியைச் சாதனத்துக்குப் பொறுப்பானவரும் மறு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். டி.வி.ஆரில் தேதியும் மணியும் தவறாக ஓடிக்கொண்டிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் பிடிக்கும் முதல் பிடி அதுதான். மாதம் ஒருமுறை இருப்பு எடுக்கும் அன்றே கடிகாரத்தையும் சரிபார்த்து, மூன்று வாரத்துக்கு முந்தைய ஒரு பதிவை ஓடவிட்டுப் பார்த்துவிடலாம். அந்தச் சான்றிதழ்ப் படிவத்தைத் தமிழில் விளக்கத்தோடு அச்சிட்டு உறுப்பினர்களுக்கு வழங்கும் பணியைச் சங்க நிர்வாகிகள் அடுத்த கூட்டத்திலேயே எடுத்துக்கொள்ள வேண்டும்.