எதை வைத்து எழும்புவது?

கிளிநொச்சிக்குப் போனால் பெரியம்மாவைப் பார்க்காமல் நான் திரும்புவதில்லை. இரணைமடுக் குளத்தின் கீழ் அவருக்கு இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. போன கிழமை போயிருந்தபோது, காணிக் கடிதம் ஒன்றை வாசித்துச் சொல்லச் சொல்லி ஒரு பொலித்தீன் பையை எடுத்து வந்தார். உள்ளே அடையாள அட்டை, பெரியப்பாவின் மரணச் சான்றிதழ், மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை. அவற்றோடு நான்காக மடித்த அடகுச் சீட்டுகள் ஏழு. ஐந்தின் தவணை எப்போதோ முடிந்துவிட்டது.

"ஓடவேண்டி வந்தா இந்தப் பையை மட்டும் தூக்கினாக் காணும் தம்பி" என்றார்.

போர் முடிந்து இத்தனை வருடமாகிவிட்டதே, இனி ஏன் ஓடவேண்டும் என்று கேட்டேன். "வெள்ளத்துக்கும் இதே பைதான்" என்றார்.

வன்னியில் கமக்காரர் வீட்டுக்கு அந்தக் காலத்தில் மூன்று காவல் இருந்தன: கழுத்தில் நகை, பட்டியில் மாடு, வீட்டில் விதைநெல். மழை பொய்த்தால் நகை அடகுக்குப் போகும், அடுத்த அறுவடையோடு மீண்டுவிடும். பால் விற்ற காசில் அடுப்பு எரியும். விதைநெல்லில் மட்டும் யாரும் கைவைக்கமாட்டார்கள். வெள்ளமும் வரட்சியும் அன்றும் வந்தன. விழுந்த குடும்பம் எழும்புவதற்கு ஊன்றிக்கொள்ள ஏதோ ஒன்று மிஞ்சியிருந்தது.

போர் அந்த மூன்றையும் ஒரேயடியாகப் பிடுங்கியது. 2009 ஜனவரியில் கிளிநொச்சி வீழ்வதற்கு முன்பே சனம் கிழக்கு நோக்கி நகரத் தொடங்கிவிட்டது. பெரியம்மா மாடுகளை அவிழ்த்துவிட்டுப் புறப்பட்டவர். கடைசி மாதங்களில் பிள்ளைகளின் சாப்பாட்டுக்காகக் காப்பும் சங்கிலியும் போயின. முகாமிலிருந்து ஊர் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. மிதிவெடி அகற்றி முடியும்வரை வயலில் கால் வைக்கவும் முடியவில்லை.

அதன்பிறகு அவர் திரும்பவும் சேர்க்கத் தொடங்கினார். சேர்த்தது ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போனதுதான் இந்தப் பதினைந்து வருடக் கதை.

2016 கடைசியில் காலபோக மழை பொய்த்தது. நாற்பது வருடங்களில் காணாத வரட்சி என்றார்கள். மகளுக்கென்று வாங்கிய தோடு அடகுக்குப் போனது. அது போதாமல் நுண்கடன் எடுத்தார். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்று காசு கேட்கும் கடன் அது. வடக்குப் பெண்கள் இந்தக் கடனில் எவ்வளவு தூரம் சிக்கினார்கள் என்பதற்கு, 2018இல் நுண்கடன் வட்டிக்கு நூற்றுக்கு 35 என்று உச்சவரம்பு போடவேண்டி வந்ததே சாட்சி. வரம்பே 35 என்றால், அதற்கு முன் அறவிட்டது எவ்வளவு?

அதே 2018, டிசெம்பர் 21 இரவு. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வீடு புகுந்தது. குடலைப் பருவத்தில் நின்ற பயிர் தண்ணீருக்குள் போனது. சிறுபோகத்துக்கென்று எடுத்துவைத்த விதைநெல் மூடையை நாலாம் நாள் அவிழ்த்தபோது, நெல்லெல்லாம் வெள்ளை வெள்ளையாக முளைவிட்டிருந்தது. அதைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டு பெரியம்மா நின்ற நிலை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் தடைசெய்தது. நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது விலை எட்டாத உயரத்தில் நின்றது. 60 மூடை கண்ட வயலில் அந்தக் காலபோகம் 25 மூடைதான் வந்தது. அடுத்த வருடம் டிசெம்பரில் மாண்டஸ் புயலோடு ஒரு கூதல் காற்று வந்தது. வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் செத்தன. பெரியம்மாவின் சினைப்பசு அவற்றில் ஒன்று.

அழிவைக் கணக்கெடுக்க வருகிறவர்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படிவம் கொண்டுவருகிறார்கள். வரட்சிக்கு ஒன்று, வெள்ளத்துக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று. போருக்கு நிரப்பிய படிவங்கள் தனி. குடும்பம் ஒன்றுதானே! முந்திய அடி ஊன்றுகோலைப் பறித்திராவிட்டால், பிந்திய அடி இவ்வளவு ஆழமாக விழுந்திராது. இரண்டு நாள் வெள்ளம் ஒரு வீட்டை ஐந்து வருடம் பின்னுக்குத் தள்ளுகிறது என்றால், அந்த ஐந்து வருடத்தையும் மழையின் தலையில் கட்டமுடியாது.

அதனால் நான் கேட்பது நட்டஈட்டுக்கு முந்திய ஒன்றை. ஒவ்வொரு கமக்காரர் அமைப்புக்கும் வெள்ளம் எட்டாத உயரத்தில் ஒரு விதைநெல் களஞ்சியம் வேண்டும். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் குறைந்த வட்டிக்கு நகை ஈடு பிடிக்கவேண்டும். காற்றுமழைக்கு ஒதுங்க மாடுகளுக்கு மறைப்புள்ள ஒரு கொட்டில் வேண்டும். இவை பெரிய திட்டங்கள் அல்ல. வன்னி வீடுகளில் ஒருகாலம் தாமாகவே இருந்த அந்த மூன்று காவலையும் திருப்பிக் கொடுப்பதுதான்.

புறப்படும்போது பெரியம்மா அறைக்குள் கூட்டிப் போனார். 2018 வெள்ளம் நின்ற சேற்றுக்கோடு சுவரில் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. அதற்கு ஒரு முழம் மேலே பலகை அடித்து, ஒரு மூடை விதைநெல் ஏற்றி வைத்திருக்கிறார்.

"இந்த முறை முளைக்கிறதெண்டா வயலிலதான் முளைக்கவேணும்" என்று மூடையைத் தடவிக்கொடுத்தார்.