எந்தப் புத்தகம், எந்தப் பக்கம்?

நண்பரின் குழந்தைக்கு ஞானஸ்நானம். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கோயிலில், ஞாயிறு ஆராதனையிலேயே வைத்திருந்தார்கள். வாசலில் நின்றவர் கையைப் பிடித்து "ஸ்தோத்திரம்" என்றார். பதிலுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் "வணக்கம்" என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே அனுப்பினார்.

பரீட்சை அதற்குப் பிறகுதான். சுவரில் மாட்டிய பலகையில் நாலைந்து எண்கள். ஒரே புத்தகத்தில் பாமாலைக்குத் தனி எண், கீர்த்தனைக்குத் தனி எண் என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் கீர்த்தனையில் தேடி முடிப்பதற்குள் சபை பாமாலையைப் பாடி முடித்து உட்கார்ந்துவிட்டது. எழுந்தார்கள், எழுந்தேன், முழங்காலிட்டார்கள், முழங்காலிட்டேன். எல்லாவற்றிலும் ஒரு நொடி பின்னால்.

திருவிருந்து வந்தபோது வியர்த்தே விட்டது. அப்பமும் திராட்சரசமும் வாங்க வரிசை வரிசையாக எழுந்து முன்னே போகிறார்கள். போனால் தப்பா, போகாவிட்டால் தப்பா? உட்கார்ந்தே இருந்தேன். "திடப்படுத்தல் எடுத்தவங்கதான் போவாங்க, நீங்க இருந்தது சரிதான்" என்று நண்பர் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். அதையே ஆராதனை நடத்திய ஐயர் (போதகர்) முன்கூட்டி ஒரு வாக்கியத்தில் சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

யாரும் என்னை ஒதுக்கவில்லை. பல தலைமுறையாகப் பழகியவர்களுக்கு, தெரியாத ஒருவன் வந்திருப்பான் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். எண்ணைச் சொல்லும்போது பாமாலையா கீர்த்தனையா என்றும் சொல்லலாம். எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று ஒரு தாளில் அச்சடித்து பெஞ்சில் வைக்கலாம். செலவு பெரிதாக ஆகாது.

ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கும் இங்கே ஒன்றும் புரியவில்லை. உள்ளூர் வாத்தியார் ஒருவரின் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் தமிழ் எழுத்து எழுதிப் பழகினார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அந்த ஊரிலேயே அச்சாகி முடிந்தது. வந்தவருக்கு எழுத்துக் காட்டிக்கொடுக்க அன்று ஒரு வாத்தியார் இருந்தார்.

எனக்கும் ஒருவர் இருந்தார். பக்கத்தில் இருந்த ஆச்சி, மூன்றாவது பாட்டுக்கு என் புத்தகத்தை வாங்கிப் பக்கத்தைப் புரட்டி, வரியின் மேல் விரலை வைத்துத் தந்தார். ஆராதனை முடியும் வரை அந்த விரல் என் புத்தகத்தை விட்டு நகரவில்லை. கிளம்பும்போது, "அடுத்த வாரமும் வாங்க தம்பி, பக்கத்த நான் எடுத்துத் தாரேன்" என்றார்.