படுக்காதே மச்சி, நட!

கட்டிலுக்கடியில் கிடந்த ரெக்கார்டு நோட்டை எடுக்கக் குனிஞ்சேன். இடுப்பில் சுரீர்னு ஒரு வலி. பின்தொடை வழியா குதிகால் வரை இறங்கிச்சு. இன்னும் மூணு வாரத்தில் லேப் எக்ஸாம்!

'அசையாம படு மச்சி'ன்னாங்க ஹாஸ்டல் வைத்தியர்கள். படுத்தேன். மூணாம் நாள் பாத்ரூம் போகவே சுவரைப் பிடிக்க வேண்டியதாச்சு.

டாக்டர் சொன்னது வேற. பேரு சயாட்டிகா. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் பிதுங்கி, நரம்பின் வேரை அழுத்தினா வலி காலுக்கு இறங்குமாம். பெரும்பாலும் சில வாரங்கள்ல ஆபரேஷன் இல்லாமலே குறைஞ்சிடும். ஆனா, படுத்தே கிடந்தா லேட்டாகும். தாங்குற அளவு நடக்கணும்.

முதல்ல மெஸ் வரை. அப்புறம் கிரவுண்ட் ஒரு ரவுண்ட். கம்ப்யூட்டர் முன்னாடி அரை மணிக்கு ஒருமுறை எழுந்தேன். லேப் எக்ஸாமில் மூணு மணி நேரமும் நின்னாச்சு. லேசா வலிச்சது, அவ்வளவுதான்.

ஒரே ஒரு எச்சரிக்கை பாஸ். பாதத்தைத் தூக்க முடியலை, உட்காருற இடம் மரத்துப்போகுது, யூரின் வரலை அல்லது அடக்க முடியலைன்னா வெட்கப்பட்டு மறைக்காதீங்க. நடையும் வேண்டாம். அப்பவே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க!