அரிய நோயாளி காட்சிப் பொருளா?

செய்தித்தாள்களில் எப்போதாவது ஒரு படம் வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சின்னஞ்சிறு உடல், அதற்குச் சற்றும் பொருந்தாத மிகப் பெரிய தலை. மேலே ‘விந்தைக் குழந்தை’ என்று கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு. 2013ஆம் ஆண்டில் திரிபுராவைச் சேர்ந்த ஒரு குழந்தையின் படம் இவ்வாறு உலகெங்கும் வெளியாயிற்று. பிறக்கும்போது குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 35 செ.மீ. இருக்கும். ஒன்றரை வயதான அக்குழந்தைக்கோ 94 செ.மீ. இருந்தது!

அந்தப் படத்தினால் குழந்தைக்கு உதவி கிடைத்தது. அறுவை சிகிச்சையும் நடந்தது. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் படத்தைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்றவர்களில் எத்தனை பேர், “ஒன்றரை ஆண்டு வரை ஏன் இப்படி விடப்பட்டது?” என்று கேட்டார்கள்? அரிய நோயாளியைக் காட்சிப் பொருளாகப் பார்ப்பது தவறு, அவரை ஆசிரியராகப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இந்நோயின் இயல்பைத் தெரிந்துகொள்வோம். நம் மூளை நீரில் மிதக்கும் உறுப்பு. ஏறத்தாழ 1400 கிராம் எடையுள்ள மூளை, தன்னைச் சூழ்ந்துள்ள திரவத்தில் மிதப்பதால் சுமார் 50 கிராம் எடையே உள்ளதுபோல் இருக்கிறது. ஆர்க்கிமிடீஸ் தத்துவம் நம் மண்டைக்குள்ளேயே வேலை செய்கிறது! இத்திரவத்தை மூளைத் தண்டுவடத் திரவம் என்பார்கள். வளர்ந்த ஒருவரிடம் எந்நேரமும் இருப்பது சுமார் 150 மில்லிலிட்டர். ஆனால் ஒரு நாளில் சுரப்பது சுமார் 500 மில்லிலிட்டர். அதாவது பழைய திரவம் போய்ப் புதிய திரவம் வருவது நாளொன்றுக்கு மூன்று முறைக்கு மேல் நடக்கிறது.

இது எங்கே சுரக்கிறது? மூளைக்குள் நான்கு அறைகள் உள்ளன. அவற்றில் கோழிக்கொண்டைப் பூவைப்போல் மடிப்பு மடிப்பாக ஒரு திசு இருக்கிறது. அதன் பெயர் கோராய்டுப் பின்னல். இரத்தத்திலிருந்து நீர் வெறுமனே வடிந்து இத்திரவம் உண்டாவதில்லை; அதன் பின்னால் நொதிகள் உழைக்கின்றன. கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதி, கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் சேர்த்துப் பைகார்பனேட்டு அயனியையும் ஹைட்ரஜன் அயனியையும் தருகிறது. இந்நொதியின் ஒரு மூலக்கூறு நொடிக்குச் சுமார் பத்து லட்சம் மூலக்கூறுகளை மாற்றவல்லது. இன்னொரு நொதி சோடியம்-பொட்டாசியம் ஏடிபேஸ். இது ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியம் அயனிகளைச் செல்லுக்கு வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. இதைக் கண்டறிந்த டென்மார்க் விஞ்ஞானி ஜென்ஸ் ஸ்கோவுக்கு 1997இல் நோபல் பரிசு கிடைத்தது. உப்பு போகும் பக்கம் நீரும் போகும். இவ்வாறு அறைகளுக்குள் திரவம் ஊறுகிறது. பிறகு குறுகிய கால்வாய்கள் வழியே வெளியேறி, மூளையின் மேற்பரப்பை நனைத்து, இறுதியில் இரத்தத்தில் கலக்கிறது.

இந்த ஓட்டம் கெட்டால் என்ன ஆகும்? விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு முன்தினம் சென்னையிலிருந்து வரும் வண்டிகள் அங்கே நீண்ட வரிசையில் நிற்கும். நெரிசலுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். சாவடி தாங்க முடியாத அளவுக்கு வண்டிகள் வரலாம். அல்லது வண்டிகள் வழக்கம்போல் வந்தும் வாயில்கள் அடைபட்டிருக்கலாம். மூளையிலும் அப்படியே. திரவம் மிகுதியாகச் சுரப்பது மிக அரிது. போகும் வழி அடைபடுவதே பெரும்பாலும் காரணம். இரண்டிலும் அறைகள் விரிகின்றன. குழந்தையின் மண்டை எலும்புகள் இன்னும் ஒன்று சேராததால் தலையும் பெரிதாகிறது. இதுவே நீர்த்தலை நோய்.

‘ஊற்றையே குறைத்துவிட்டால் என்ன?’ என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்விதான். அசிட்டசோலமைடு என்ற மருந்து கார்பானிக் அன்ஹைட்ரேசைத் தடுக்கிறது. ஆய்வுக்கூட விலங்குகளில் அது சுரப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. ஆகவே, மூளைக்குள் இரத்தம் கசிந்து அறைகள் விரிந்த பச்சிளங் குழந்தைகளுக்கு இம்மருந்தையும் ஃபுரோசெமைடையும் கொடுத்துப் பார்த்தார்கள். 177 குழந்தைகள் பங்கு கொண்ட அப்பன்னாட்டு ஆய்வின் முடிவு 1998இல் வெளிவந்தது. மருந்து பெற்ற குழந்தைகளின் நிலை, பெறாதவர்களின் நிலையைவிட மோசமாக இருந்தது! ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. அதே மருந்து வேறொரு நோயில், அதாவது காரணம் தெரியாமல் மண்டைக்குள் அழுத்தம் கூடிப் பார்வை மங்கும் பெரியவர்களுக்கு, ஓரளவு பயன் தருவதாக 2014இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆகவே ஏட்டில் சரியாகத் தோன்றும் தருக்கம் உடலில் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. சோதித்துப் பார்த்தே தீர வேண்டும்.

இனி, உண்மையிலேயே ஊற்று மிகுந்த அந்த அரிய நோயாளிகளைப் பார்ப்போம். கோராய்டுப் பின்னலில் கட்டி வளர்ந்தோ, பின்னல் முழுவதுமே அளவு மீறிப் பெருத்தோ சில குழந்தைகளுக்கு ஒரு நாளில் ஒரு லிட்டருக்கும் மேல் திரவம் சுரந்ததுண்டு. அதைக் குழாய் வைத்து வயிற்றுக்குள் வடித்தபோது வயிறு அதை உறிஞ்ச முடியாமல் வீங்கிற்று. கட்டியை அகற்றியதும் சுரப்பு குறைந்தது. எந்தத் திசு திரவத்தைச் சுரக்கிறது என்பதற்கு மனித உடலிலேயே கிடைத்த வலுவான சான்றுகளில் இதுவும் ஒன்று. ஒரு சில குழந்தைகளின் துன்பம், எல்லா மூளைகளையும் பற்றிய ஒரு விதியைத் தெளிவாக்கியது. அவர்கள் ஆசிரியர்கள் அல்லவா?

அடைப்பினால் வரும் நோய்க்கோ புறவழிச்சாலைதான் வேண்டும். 1956இல் அமெரிக்காவில் ஜான் ஹோல்டர் என்னும் தொழில்நுட்பர், நீர்த்தலை நோயுடன் பிறந்த தம் மகனுக்காக ஒரு வால்வை உருவாக்கினார். அவர் மருத்துவர் அல்லர். பூட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். திரவத்தை ஒரே திசையில் விடும் அத்தகைய வால்வும் மெல்லிய குழாயும் பல குழந்தைகளைக் காத்துள்ளன. ஆனால் வெளிநாட்டு வால்வின் விலை ஏழைக்கு எட்டுமா? உத்தரப் பிரதேசத்தின் ஷாஜகான்பூரில் செய்யப்படும் சாப்ரா வால்வை, விலை உயர்ந்த வெளிநாட்டு வால்வுடன் உகாண்டாவில் 195 குழந்தைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒன்றின் விலை சுமார் 35 டாலர். மற்றதன் விலை சுமார் 650 டாலர். 2005இல் வெளியான முடிவின்படி, ஓராண்டுக்குப் பின் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மலிவானது மட்டமானது என்ற எண்ணத்தையும் அளந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

வால்வு வைத்தவுடன் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. குழாய் அடைபடலாம், கிருமி தொற்றலாம். வாந்தி, தலைவலி, மயக்கம் வந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அதனால்தான் அறுவை மருத்துவர் எட்டாத தொலைவில் இருக்கக் கூடாது. 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பா. ராமமூர்த்தியும் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கும் முன், நம் மாநிலத்துக் குழந்தைகளுக்கு இதற்கென்று ஒரு துறையே இல்லை. இன்று விக்கிரவாண்டிக்கு அருகே முண்டியம்பாக்கத்திலேயே 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. கதவு பக்கத்தில் வந்துவிட்டது. அதைத் தட்டுவதில்தான் தாமதம்.

‘தெய்வ குற்றம்’, ‘கிரகணத்தில் வெளியே வந்ததால் வந்தது’ என்று சொல்லிக்கொண்டு வீட்டிலேயே வைத்திருக்கும் ஒவ்வொரு மாதமும், திரவத்தின் அழுத்தம் அக்குழந்தையின் மூளையை நசுக்குகிறது. நசுங்கிய மூளையை எந்த வால்வாலும் முழுமையாக மீட்க இயலாது. இதைத் தடுக்க வேண்டிய முதற்கருவி எது தெரியுமா? தையற்காரர் கழுத்தில் தொங்கும் அளவு நாடா! மாதந்தோறும் குழந்தையின் தலையை அளந்து அட்டையில் குறித்து வந்தால், வளர்ச்சி வரம்பு மீறுவது கண்ணுக்குத் தெரியும் முன்பே கணக்குக்குத் தெரிந்துவிடும்.

நோயை வருமுன் தடுக்கவும் ஓரளவு வழி உண்டு. முதுகுத் தண்டு சரியாக மூடாமல் பிறக்கும் குழந்தைகள் பலருக்கு நீர்த்தலையும் சேர்ந்து வருகிறது. இக்குறையுள்ள குழந்தையை முன்பே பெற்ற தாய்மார்கள், அடுத்துக் கருவுறும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், அக்குறை மீண்டும் வருவது ஏறத்தாழ 70 விழுக்காடு குறைகிறது என்று 1991இல் வெளியான ஆய்வு காட்டியது.

மாணவ நண்பர்களே! உங்கள் தெருவில் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போனால், “குழந்தைக்குத் தலைச் சுற்றளவு அளந்தீர்களா அக்கா?” என்று கேளுங்கள். இல்லை என்றால் அங்கன்வாடிக்கோ கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். நொதியின் பெயரைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்வது கல்வியின் ஒரு பாதி. அது சுரக்கும் திரவத்தால் ஒரு குழந்தையின் வாழ்வு நசுங்காமல் பார்த்துக்கொள்வது மறுபாதி. விந்தைப் படங்கள் செய்தித்தாளில் வராத நாளே நம் அறிவியல் வெற்றி பெற்ற நாள்.