'ஆம்' போட்டால் என்ன ஆகும், 'இல்லை' போட்டால் என்ன ஆகும்? அமெரிக்க பிரைமரி வாக்குச்சீட்டின் மறுபக்கம்!

2022 ஆகஸ்ட் 1. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் மறுநாள் பிரைமரி தேர்தல். அன்று பல வாக்காளர்களின் செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'பெண்களின் உரிமை பறிபோகிறது, தேர்வு செய்யும் உரிமை வேண்டுமென்றால் ஆம் என்று வாக்களியுங்கள்' என்பது அதன் சாரம்.

உண்மை நேர்மாறானது. மாநில அரசியலமைப்பு கருக்கலைப்பு உரிமையைப் பாதுகாக்கிறது என்று 2019-ல் கான்சஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அந்தப் பாதுகாப்பை நீக்கலாமா என்பதுதான் வாக்குச்சீட்டில் இருந்த கேள்வி. 'ஆம்' என்றால் பாதுகாப்பு போகும். 'இல்லை' என்றால் நீடிக்கும். குறுஞ்செய்தியை நம்பியவர், தான் விரும்பியதற்கு எதிராகவே வாக்களித்திருப்பார்.

வேட்பாளருக்கு முதல் சுற்று... கேள்விக்கு இறுதிச் சுற்று!

நம் ஊரில் வாக்களிப்பது என்றால் பெயரும் சின்னமும் பார்த்துப் பொத்தானை அழுத்துவது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அது பாதி வேலைதான். வேட்பாளர் பட்டியலோடு, 'இந்தச் சட்டம் வேண்டுமா, இந்த வரி வேண்டுமா, இந்தக் கடன் வாங்கலாமா?' என்ற கேள்விகளும் வாக்குச்சீட்டில் இருக்கும். சிலவற்றைச் சட்டமன்றமே மக்கள் முன் வைக்கும். சில மாநிலங்களில் மக்களே கையெழுத்து திரட்டியும் கொண்டுவரலாம். கலிஃபோர்னியாவில் 1911 முதல் இந்த உரிமை இருக்கிறது.

பிரைமரி என்பது நவம்பர் பொதுத் தேர்தலில் யார் யார் நிற்பது என்பதை முடிவு செய்யும் தேர்தல். 'நவம்பரில் பார்த்துக்கொள்ளலாம்' என்று பலர் இதற்குப் போவதே இல்லை. சிக்கல் இங்கேதான். வேட்பாளருக்கு இது முதல் சுற்று. அதே சீட்டில் இருக்கும் கேள்விக்கோ இதுவே இறுதிச் சுற்று. அன்றைய பெரும்பான்மையே முடிவு, நவம்பரில் மறுபடி கேட்க மாட்டார்கள்.

அந்த ஒரு நாள் முடிவு எவ்வளவு காலம் நீடிக்கும்? 1978 ஜூன் 6-ம் தேதி கலிஃபோர்னியா பிரைமரியில் 13-ம் எண் முன்மொழிவு வென்றது. சொத்து வரி, மதிப்பீட்டுத் தொகையில் 1 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. வீடு கைமாறாதவரை அந்த மதிப்பீடு ஆண்டுக்கு 2 சதவிகிதத்துக்கு மேல் உயரக் கூடாது. இன்றும் அங்கே இதுதான் அடிப்படை விதி. அடுத்தடுத்து இருக்கும் ஒரே மாதிரியான இரண்டு வீடுகளில், பல ஆண்டுகளுக்கு முன் வாங்கியவர் கட்டும் வரியைப்போலப் பல மடங்கைப் புதிதாக வாங்கியவர் கட்டுகிறார் என்றால் காரணம் அந்த ஜூன் மாத வாக்குதான்.

எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

கலிஃபோர்னியாவில் மாநில அளவிலான கேள்விகளுக்கு எண் கொடுப்பார்கள். வரிசை ஒரு கட்டத்துக்குப் பின் மீண்டும் 1-லிருந்து தொடங்கும். அப்படி 2020 மார்ச் பிரைமரியில் வந்த கேள்விக்கும் 13 என்ற எண்ணே கிடைத்தது. பழைய 13-க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பள்ளி, கல்லூரிக் கட்டடங்களுக்காக 1,500 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிடலாமா என்பதுதான் கேள்வி. அது தோற்றது. 'பழைய சொத்து வரிப் பாதுகாப்பில் கை வைக்கிறார்கள்' என்று வாக்காளர்கள் குழம்பியதும் ஒரு காரணம் எனப் பலர் கருதினார்கள்.

'ஆம்' யாருடைய பக்கம்?

கையெழுத்து வாங்கிக் கேள்வியைக் கொண்டுவந்தவர்கள் 'ஆம்' கேட்பார்கள் என்றுதானே நினைப்போம்? எப்போதும் அப்படி இல்லை. சுவையூட்டிய புகையிலைப் பொருள்களின் விற்பனைக்குத் தடை விதித்து 2020-ல் கலிஃபோர்னியா சட்டம் இயற்றியது. அதை நிறுத்தக் கையெழுத்து திரட்டியது புகையிலை நிறுவனங்கள் தரப்பு. 2022 நவம்பரில் கேள்வி மக்கள் முன் வந்தபோது 'ஆம்' என்றால் தடைச் சட்டம் நிலைக்கும், 'இல்லை' என்றால் ரத்தாகும். கேள்வியைக் கொண்டுவந்தவர்களுக்குத் தேவைப்பட்டது 'இல்லை'. மக்கள் 'ஆம்' என்றார்கள், தடை நிலைத்தது.

கடனா, வரியா?

'புதிய வரி இல்லை' என்று விளம்பரம் சொன்னாலும் பணம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். 2024 மார்ச் பிரைமரியில் கலிஃபோர்னியாவின் 1-ம் எண் கேள்வி, மனநல சிகிச்சை மையங்களுக்கும் வீடற்றவர்களுக்கான குடியிருப்புகளுக்கும் 638 கோடி டாலர் கடன் கேட்டது. வட்டியோடு திருப்பிக் கட்ட ஆண்டுக்குச் சுமார் 31 கோடி டாலர் வீதம் 30 ஆண்டுகள் ஆகும் என்று வாக்காளர் கையேடு கணக்கு சொன்னது. அதாவது, சுமார் 930 கோடி. கேள்வி 50.2 சதவிகித 'ஆம்' வாக்குகளுடன் மயிரிழையில் தப்பியது. வீட்டில் இருந்துவிட்டவர்கள் நினைத்திருந்தால் முடிவே மாறியிருக்கும்.

உள்ளூர்க் கேள்விகளுக்கு அங்கே எண்ணுக்குப் பதில் பெரும்பாலும் எழுத்து இருக்கும். பள்ளிக் கட்டடக் கடன் என்றால், அந்தப் பகுதியின் சொத்து வரி வழியாகத்தான் திருப்பிக் கட்டுவார்கள். ஒரு லட்சம் டாலர் மதிப்புக்கு இவ்வளவு என்று ஒரு தொகை போட்டிருப்பார்கள். அது சந்தை விலை அல்ல, வரி ரசீதில் இருக்கும் மதிப்பீட்டுத் தொகை. இந்தக் கடன்களில் பெரும்பாலானவை வெல்ல 55 சதவிகித ஆதரவு வேண்டும். 54 சதவிகிதம் பேர் 'ஆம்' என்றாலும் தோல்விதான்.

எதை முதலில் படிக்க வேண்டும்?

கலிஃபோர்னியாவில் தேர்தலுக்கு முன் அரசின் வாக்காளர் கையேடு வீட்டுக்கே வரும். தடிமனைப் பார்த்து மலைக்க வேண்டாம். இந்த வரிசையில் படித்தால் போதும்:

* 'ஆம்' வென்றால் என்ன மாறும், 'இல்லை' வென்றால் எது அப்படியே இருக்கும் என்று ஓரிரு வரிகளில் சொல்லும் பகுதி. முதலில் இதுதான்.

* கட்சி சார்பற்ற அரசு ஆய்வாளர் தரும் செலவுக் கணக்கு. எவ்வளவு, எத்தனை ஆண்டுகள், யார் கட்டுவது?

* ஆதரவு, எதிர்ப்பு வாதங்கள். இவற்றை எழுதுவது அந்தந்தத் தரப்பினர். எனவே, கீழே யார் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் படிக்கவும்.

* சந்தேகம் இருந்தால் மட்டும் சட்டத்தின் முழு வாசகம்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கேள்வி புரியவில்லையா? அதை மட்டும் காலியாக விடலாம். மற்ற வாக்குகள் செல்லாமல் போகாது. ஆனால், டி.வி விளம்பரத்தையோ கடைசி நேரக் குறுஞ்செய்தியையோ நம்பிக் கட்டத்தை நிரப்பக் கூடாது.

கான்சஸில் என்ன நடந்தது? வழக்கமாக பிரைமரி பக்கமே வராத, கட்சி சாராத வாக்காளர்களும் இந்தக் கேள்விக்கு வாக்களிக்க முடிந்தது. 9 லட்சத்துக்கும் அதிகமானோர் வாக்களித்தார்கள். 'இல்லை' சுமார் 59 சதவிகிதம் பெற்றது. அந்தக் குறுஞ்செய்தியால் முடிவை மாற்ற முடியவில்லை. கேள்வி என்னவென்று தெரிந்துகொண்டு வந்தவர்களே அங்கு அதிகம்!