மேனேஜ்டு ஹோஸ்டிங்: யாரு யாரை மேனேஜ் பண்றாங்க?

மக்களே, அசோசியேஷன் காசுல மூணு வருஷத்துக்கு மேனேஜ்டு ஹோஸ்டிங் வாங்கியே ஆகணும்னு நம்ம செட்டுல ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கு. என் ஓட்டு 'வேண்டாம்'. அடிக்க வராதீங்க, கணக்கோடதான் வர்றேன்.

மேனேஜ்டுன்னா என்ன? சர்வர் வாடகையோட ஆள் கூலியும் சேர்த்துக் கட்டுறது. வேர்ட்பிரஸ் அப்டேட், பேக்கப், செக்யூரிட்டி பேட்ச், ராத்திரி சைட் படுத்தா எழுப்பி விடுறது, இதுக்கெல்லாம்தான் அந்தக் கூலி. ராப்பகலா ஆர்டர் வாங்குற கடைக்கு இது நியாயமான செலவு. நம்ம சைட்ல என்ன இருக்கு? சிம்போசியம் தேதி, போட்டிப் பட்டியல், நாலு போட்டோ. வெறும் எச்டிஎம்எல் பக்கமா போட்டா டேட்டாபேஸும் இல்ல, ப்ளக்-இன்னும் இல்ல. அப்புறம் எதை அப்டேட் பண்ண ஆள் வைக்கிறீங்க? கிட்ஹப் பேஜஸ்ல ஓசியிலேயே வைக்கலாம். பேர் குடுக்க கூகுள் ஃபார்ம் போதும். காஸ்ட் அக்கவுண்டிங்ல 'மேக் ஆர் பை' கணக்கு போட்டோமே, அதுக்கு மூணாவதா ஒரு விடை உண்டு: ரெண்டுமே தேவையில்ல! :-)

"காசு போனா போகுது, நிம்மதி இருக்கும்ல"ங்கிறாங்க. 2024 செப்டம்பர்ல வேர்ட்பிரஸ் நிறுவனர்கள்ல ஒருத்தரான மாட் முல்லன்வெக்குக்கும் டபிள்யூபி எஞ்சின் கம்பெனிக்கும் ட்ரேட்மார்க் சண்டை. வேர்ட்பிரஸ்.ஆர்க் கதவைச் சாத்திடுச்சு. டபிள்யூபி எஞ்சினுக்குக் காசு கட்டினவங்க டாஷ்போர்டுல இருந்து ப்ளக்-இன் அப்டேட் பண்ண முடியாம முழிச்சாங்க. எந்த வேலைக்குக் காசு கொடுத்தாங்களோ அந்த வேலையே நின்னுச்சு. கம்பெனி அவசரமா தனி வழி போட்டுக்கிச்சு. டிசம்பர்ல கலிஃபோர்னியா கோர்ட் இடைக்கால உத்தரவும் போட்டுச்சு. ரெண்டு பெரிய தலைங்க சண்டையில கஸ்டமர் என்ன பண்ணுவான் பாவம்?

பேக்கப் அவங்க பாத்துப்பாங்களாம். 2021 மார்ச் 10-ல பிரான்ஸ் ஸ்ட்ராஸ்பூர்க்ல ஓவிஎச் டேட்டா சென்டர் எரிஞ்சப்ப, அதே வளாகத்துல பேக்கப் வச்சிருந்த சிலருக்கு ரெண்டுமே சாம்பல்.

எனக்கு நிஜமா எரியுற விஷயம் வேற. இந்த மாதிரி பிளான் நிறைய இடத்துல முதல் டேர்முக்கு ஒரு விலை, ரினியூவலுக்கு ஒரு விலை. விளம்பரத்துல பெருசா போடுறது முதல் விலையைத்தான். மூணு வருஷம் கழிச்சு ரினியூவல் வரும்போது நாம யாரும் காலேஜ்ல இருக்க மாட்டோம். நாம பேர் வாங்கிட்டுப் போவோம், பில்லை ஜூனியர் பசங்க கட்டணும். பாஸ்வேர்டு யாரோட சொந்த மெயில்ல மாட்டிக்கிட்டு இருக்குமோ!

டொமைன் மட்டும் அசோசியேஷன் மெயில்ல தனியா வாங்கலாம், அதுக்குக் கை தூக்குறேன். மத்தபடி கோட்டேஷன் கொண்டு வர்ற அண்ணன்மாரே, மீட்டிங்குக்கு முன்னாடி ரினியூவல் விலையையும் எழுதி வாங்கிட்டு வாங்க.