ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களின் ஆங்கில வாசிப்பு, எழுத்துப் பயிற்சி தொடர்பான கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
வட்டார அரசுப் பள்ளிகளின் ஆங்கில ஆசிரியர் – பெற்றோர் சங்கம்.

பெறுநர்:
1. பள்ளிக் கல்வி இயக்குநர் அவர்கள்,
2. அரசுத் தேர்வுகள் இயக்குநர் அவர்கள்,
3. மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவன இயக்குநர் அவர்கள்,
பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம், கல்லூரிச் சாலை, சென்னை – 600 006.

வழி: மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்.

பொருள்: பத்தாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு மாணவரும் ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தைத் தாமே படிக்கவும், பத்து வரியைத் தாமே எழுதவும் வகை செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2025ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மாநிலத் தேர்ச்சி 93.80 விழுக்காடு. அந்தத் தேர்ச்சிக்கு உழைத்தவர்களில் நாங்களும் உண்டு. அதைக் குறைத்துப் பேசுவது எங்கள் நோக்கமன்று. ஆனால் ஆங்கிலத் தாளில் 35 மதிப்பெண்ணைத் தாண்டிய எங்கள் பிள்ளைகளில் பலரால், "நேற்று மாலை என்ன செய்தாய்?" என்ற கேள்விக்கு மூன்று வாக்கியம் சொந்தமாக எழுத முடிவதில்லை. விடைத்தாளில் ஒன்றரைப் பக்கக் கடிதம் எழுதிய அதே பிள்ளைகள்தாம் இவர்கள்.

இது எப்படி நிகழ்கிறது என்பதை வகுப்பறையிலிருந்து சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மெல்லக் கற்கும் மாணவர்களுக்கெனக் குறைந்தபட்சக் கற்றல் கையேடு வருகிறது. மனப்பாடப் பாடல், வழிகாட்டும் வரைபடம், ஒரு விண்ணப்பக் கடிதம், ஒரு விளம்பரம், படம் பார்த்து எழுதுதல் ஆகியவற்றைச் சேர்த்தால் தேர்ச்சி மதிப்பெண்ணில் பெரும்பகுதி வந்துவிடும். படம் பார்த்து எழுதும் வினாவுக்கு ஐந்து வாக்கியங்கள் பழக்கப்படுகின்றன: இது ஓர் அழகான படம், இது வண்ணமயமானது, இதில் பலர் இருக்கிறார்கள், எனக்கு இது பிடிக்கும், இதிலிருந்து நல்ல பாடம் கற்கிறேன். சந்தையோ மருத்துவமனையோ வெள்ளமோ, எந்தப் படம் வந்தாலும் இந்த ஐந்தும் பொருந்தும். பிள்ளை படத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. நூறு விழுக்காடு தேர்ச்சி காட்டச் சொல்லும்போது ஆசிரியருக்கும் வேறு வழி தெரிவதில்லை.

இதன் விளைவு பத்தாம் வகுப்போடு நிற்பதில்லை. 2020இல் மருத்துவப் படிப்புக்கும் 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தது. எங்கள் ஊர்களில் அது பல குடும்பங்களின் தலையெழுத்தையே மாற்றியது. ஆனால் அந்தக் கல்லூரிகளில் பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலம். தமிழ்வழியில் படித்து இடம் பெற்ற பிள்ளை முதல் பருவத்தில் திணறுவது பாடத்தின் கடினத்தால் மட்டுமன்று. ஒரு பத்தியை எழுத்துக்கூட்டாமல், அகராதியைக் கண்டு அஞ்சாமல் படிக்கும் பழக்கமே அதற்கு வாய்க்கவில்லை. இடம் வாங்கித் தந்த அரசு, அந்த இடத்தில் நின்று படிக்கும் திறனையும் தர வேண்டும் என்பதே இம்மனுவின் சாரம்.

முதலாவதாக வாசிப்பு. பத்தாம் வகுப்புப் பாடநூலில் லியாம் ஓ'ஃப்ளாஹெர்டி, ஜேம்ஸ் தர்பர், சத்யஜித் ராய், அல்போன்ஸ் தோதே, கோனன் டாயில் இருக்கிறார்கள். நல்ல தெரிவு, எதையும் நீக்கக் கோரவில்லை. ஆனால் தர்பரின் பேய்க்கதையில் வரும் நகைச்சுவை ஓர் அமெரிக்க வீட்டின் கூச்சல் குழப்பத்தில் பிறப்பது. அதுவரை ஆங்கிலத்தில் இரண்டு பக்கக் கதையைக்கூடத் தானாகப் படித்து முடித்திராத பிள்ளைக்கு அதில் சிரிப்பு வருவதில்லை, சொற்பொருள் பட்டியல்தான் மிஞ்சுகிறது. பாடநூலுக்குக் கீழே படிக்கட்டு தேவை. தமிழில் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என நான்கு படிநிலைகளில் சிறு நூல்களைத் தந்தது. அவற்றைப் பிள்ளைகள் கீழே வைக்காமல் படித்ததைக் கண்டிருக்கிறோம். அதே வடிவில் ஆங்கிலச் சிறு நூல்களை ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு வழங்க வேண்டுகிறோம். எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டியதில்லை. பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் திறந்த உரிமத்தில் கதைகள் கிடைக்கின்றன. சென்னையின் தூலிகா பதிப்பகம் இருமொழி நூல்களை நெடுங்காலமாக வெளியிட்டு வருகிறது. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் ஐந்து வயதுக் குழந்தையின் கதையைக் கொடுத்தால் அந்தப் பிள்ளை அவமானப்படும். மொழி எளிதாகவும் பொருள் வயதுக்கேற்றதாகவும் இருக்கும் நூல்கள் வேண்டும்: விளையாட்டு வீரர்கள், பேருந்துப் பயணம், கைப்பேசி பழுது பார்த்தல், மீன்பிடித் துறைமுகம் போன்றவை.

நூல் வந்தால் போதாது, பூட்டிய பீரோவிலிருந்து அது வெளியே வர வேண்டும். பல பள்ளிகளில் நூலகப் புத்தகங்கள் வெளியே போகாததற்குக் காரணம் சோம்பலன்று. ஒரு புத்தகம் தொலைந்தால் இருப்புப் பதிவேட்டில் அதற்குப் பொறுப்பானவர் பதில் சொல்ல வேண்டும் என்ற அச்சம். ஆகவே வகுப்பறை நூல்களில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு கிழிவதையும் தொலைவதையும் விளக்கம் கேட்காமல் கழித்துக்கொள்ள ஆணை வழங்க வேண்டும். படிக்கப்பட்ட புத்தகம்தான் கிழியும். இந்த ஒரு சிற்றாணை, புதிதாக ஆயிரம் நூல் வாங்குவதைவிடப் பயன் தரும் என்று உறுதியாக நம்புகிறோம். வாரத்தில் ஒரு பாடவேளையை மௌன வாசிப்புக்கு ஒதுக்கி, அதைக் கால அட்டவணையிலேயே குறிப்பிடவும் வேண்டுகிறோம். அட்டவணையில் இல்லாத எதுவும் டிசம்பருக்குப் பின் உயிர் பிழைப்பதில்லை.

இரண்டாவதாக எழுத்து. இங்குதான் எங்கள் மனக்குறை அதிகம்.

எழுதக் கற்பவருக்கு எழுதியதைப் படிக்க ஒருவர் வேண்டும். ஒரு பிரிவுக்கு 40 பேர், மூன்று பிரிவுகள் என்றால் 120 கட்டுரை நோட்டுகள். ஒன்றுக்கு நான்கு நிமிடம் என்றாலும் எட்டு மணி நேரம். ஓய்வுப் பாடவேளைகள் கல்வி மேலாண்மைத் தகவல் அமைப்பின் (எமிஸ்) பதிவுகளிலும் புள்ளிவிவரப் படிவங்களிலும் கரைகின்றன. ஆய்வுக்கு வரும் அலுவலரோ ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மை இருக்கிறதா என்று பார்க்கிறார். முடிவில் ஆசிரியர் கரும்பலகையில் ஒரே கடிதத்தை எழுதிப்போட, 40 பேரும் பார்த்து எழுத, 40 நோட்டிலும் சரி என்று குறியிடுகிறார். நோட்டு அழகாக இருக்கிறது. அதில் பிள்ளையின் வாக்கியம் ஒன்றுகூட இல்லை.

இதற்கு நாங்கள் கோருவது: மாணவர்கள் வாரம் ஒருமுறை தாமாக எழுதட்டும், ஆசிரியர் வாரத்திற்குக் கால்பங்கு நோட்டுகளை மட்டும் ஆழ்ந்து படித்து, இரண்டு மூன்று பிழைகளை மட்டும் சுட்டி, உள்ளடக்கத்துக்கு ஒரு வரி மறுமொழி எழுதட்டும். அப்படியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதம் ஒருமுறை உண்மையான வாசகர் கிடைப்பார். மற்ற வாரங்களில் அருகிலிருப்பவர் படிக்கலாம். திருத்தப்படாத பக்கம் குற்றமன்று என்று ஆய்வு அலுவலர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். பிழை நிறைந்த சொந்த வாக்கியம் கண்டவுடன் முகம் சுளிக்கும் வழக்கம் போக வேண்டும். தமிழில் ககரமும் பகரமும் இடத்துக்கேற்ப வல்லோசையாகவும் மெல்லோசையாகவும் ஒலிக்கும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த பிள்ளை ஆங்கிலத்தில் எழுத்தை மாற்றிப் போடுவது இயல்பு. தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வரும் என்பதால் ஆங்கில வினையையும் பிள்ளை அங்கேயே கொண்டுபோய் வைக்கும். இவை அறியாமையின் அடையாளங்கள் அல்ல, தமிழை நன்கறிந்தவரின் பிழைகள். முதலில் தமிழில் பேசி, தமிழில் குறிப்பெடுத்து, பிறகு ஆங்கிலத்தில் எழுத வகுப்பில் வெளிப்படையான அனுமதி வேண்டும்.

மூன்றாவதாக வினாத்தாள். 2019–20ஆம் கல்வியாண்டில் ஆங்கிலத்தின் இரு தாள்கள் ஒன்றாக்கப்பட்டன. பிள்ளைகளின் சுமை குறைந்ததால் பழைய முறைக்குத் திரும்பக் கோரவில்லை. ஆனால் இன்றைய நூறு மதிப்பெண்ணில் மனப்பாடத்தால் எட்ட முடியாத எழுத்து மிகக் குறைவு. முதற்கட்டமாக 15 மதிப்பெண்ணைப் புதிய சூழலில் சொந்தமாக எழுதுவதற்கு ஒதுக்கலாம். படத்தைக் கொடுத்து, அதில் தெரியும் ஒருவர் அதற்குச் சற்று முன் என்ன செய்துகொண்டிருந்திருப்பார் என்று கேட்கலாம். கடிதத்தில் யார், எங்கே, எந்தப் பொருள் தொலைந்தது என்ற விவரங்களை வினாவிலேயே தந்து, அவற்றைப் பயன்படுத்த வைக்கலாம். துணைப்பாடக் கதைக்கான குறிப்புகளுக்குப் பதில் படித்திராத கதையின் குறிப்புகளைத் தரலாம். விடைக்குறிப்பில், பொருள் விளங்கினால் மதிப்பெண், எழுத்துப்பிழைக்குச் சிறிதளவே குறைப்பு என்று தெளிவாக அச்சிட வேண்டும். மாதிரி வினாத்தாள்கள் ஜூன் மாதமே பள்ளிக்கு வர வேண்டும். ஜனவரியில் வந்தால் அவையும் மனப்பாடப் பொருளாகிவிடும்.

6 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்கு 2025–26இல் தொடங்கிய திறன் இயக்கத்தில் ஆங்கிலமும் உள்ளது. அதைப் பத்தாம் வகுப்பின் முதல் பருவம் வரை நீட்டிக்கவும், பள்ளிக் கல்வித் துறையின் தேன்சிட்டு இதழில் மாணவர் எழுதும் ஆங்கிலப் பக்கங்கள் இரண்டைச் சேர்க்கவும் வேண்டுகிறோம். குறுவள மையக் கூட்டங்களில் திரையில் காட்டப்படும் படவில்லைகளுக்குப் பதிலாக, ஆசிரியர்கள் தாமே எழுதி, ஒருவர் எழுத்தை மற்றவர் படித்து மறுமொழி சொல்லும் பயிற்சி தரப்பட வேண்டும். எழுதாத ஆசிரியர் எழுதக் கற்பிப்பது கடினம்.

இவற்றை மாநிலம் முழுவதும் ஒரே நாளில் நடைமுறைப்படுத்த இயலாது என்பதை அறிவோம். எங்கள் வட்டாரத்தின் பள்ளிகள் சிலவற்றில் வரும் கல்வியாண்டில் முன்னோட்டமாக நடத்தச் சங்கம் தயாராக உள்ளது. கால்பங்கு திருத்தும் முறைக்கும் நூல் கழிவுக்கும் தங்கள் எழுத்துப்பூர்வ அனுமதி மட்டும் முதலில் தேவை. மூன்று இயக்குநரகங்களின் அலுவலர்களும் ஒரே மேசையில் அமரும் கூட்டம் ஒன்றுக்கு, காலாண்டு விடுமுறைக்கு முன்பாக, எங்களை அழைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். மாணவர் எழுதிய நோட்டுகளைப் பெயர்களை மறைத்து உடன் கொண்டு வருவோம்.



இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர் (ஒப்பம்)
செயலாளர் (ஒப்பம்)

நகல்: மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவன முதல்வர்; வட்டார வள மைய மேற்பார்வையாளர்.